கல்லைச் சுட்டால் என்ன ஆகும்? எண்ணூர் மணலிலிருந்து அத்திப்பட்டுச் சாம்பல் வரை

இந்தியாவில் எந்த மூலையில் ஒரு சிமென்ட் கம்பெனி தன் சரக்கின் வலுவைச் சோதித்தாலும், அதில் எங்கள் வடசென்னைப் பக்கத்து மணல் இருக்கும். இந்தியத் தர விதிப்படி அந்தச் சோதனைக்கு எண்ணூர் மணல்தான் வேண்டும். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு எண்ணூர் மணல், கொஞ்சம் தண்ணீர். பிசைந்து 70.6 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, குறித்த நாளில் எந்திரத்தில் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் இதற்கு இங்கிலாந்தின் லெய்டன் பஸார்ட் மணலைத்தான் பயன்படுத்தினார்கள். அப்புறம் அந்த இடத்தை எண்ணூர் பிடித்தது. எண்ணூர் மணல் கிட்டத்தட்ட முழுக்கக் குவார்ட்ஸ். கடினமானது, வெளிர் நிறம், சிமென்ட்டோடு எந்த வம்புக்கும் போகாது. சோதனையில் சிமென்ட்டின் குணம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் இப்படி வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும் மணல்தான் தேவை.

அது சும்மா இருப்பதெல்லாம் ஓர் எல்லை வரைக்கும்தான். அந்த மணலில் ஒரு பிடியை உலையில் வைத்து மெல்லச் சூடேற்றினால் 573 டிகிரி செல்சியஸில் ஒரு சங்கதி நடக்கும். ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், அப்படிப்பட்ட நான்முகிகள் மூலையோடு மூலை கோத்து நிற்கும் சட்டகம்தான் குவார்ட்ஸ். சாதாரணச் சூட்டில் அந்தச் சட்டகம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சூடு ஏற ஏற முறுக்கு தளர்கிறது. 573-ஐத் தொட்டதும் மிச்ச முறுக்கும் ஒரேயடியாக நிமிர்ந்துவிடுகிறது. எந்தப் பிணைப்பும் அறுவதில்லை, எதுவும் உருகுவதில்லை. ஆனால் அறைச் சூட்டிலிருந்து அந்த இடத்தை எட்டுவதற்குள் குவார்ட்ஸின் கன அளவு சுமார் 4.5 சதவீதம் கூடிவிடும். அதில் கணிசமான பங்கு கடைசி நூறு டிகிரியில் வருவது. ஆறவிட்டால் மறுபடி பழைய முறுக்குக்கே திரும்பிவிடும். தனித்தனி மணலுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, பருக்க இடம் இருக்கிறது.

பாறைக்குள் அந்த இடம் இல்லை. கிரானைட் என்று நாம் சொல்லும் கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், காக்காப்பொன் என்கிற மைக்கா எல்லாம் இடைவெளியின்றிக் கோத்துக்கொண்டு கிடக்கின்றன. குவார்ட்ஸ் 4.5 சதவீதம் பருக்கும் அதே சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் அதில் பாதிகூடப் பருக்காது. இது போதாதென்று, ஒரே குவார்ட்ஸ் மணி தன் நெட்டு வாக்கில் விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குறுக்கு வாக்கில் விரியும். ஆக, கல் ஒரே சீராகச் சூடானால்கூட உள்ளே ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைத் தள்ளுகிறது. மணிகள் சேரும் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழத் தொடங்குகின்றன. 200, 300 டிகிரி வரை கிரானைட்டின் வலு பெரிதாகக் குறைவதில்லை. சில கற்களில் ஈரம் காய்வதால் லேசாகக் கூடுவதும் உண்டு. 400-க்கு மேல் சரிவு தொடங்கும். 573-ஐத் தாண்டி ஆறிய கல்லில் விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்துவிடுகின்றன. 800-ஐப் பார்த்த கல்லைக் கையாலேயே உதிர்க்க முடிகிற சந்தர்ப்பமும் வரும். உதிராமல் நின்றாலும் அது பழைய கல் இல்லை. தண்ணீரை உள்ளே விடும், வெப்பத்தைக் கடத்தும் திறன் குறையும், ஒலி அதற்குள் நத்தை வேகத்தில் போகும். நல்ல கிரானைட்டில் ஒலி வினாடிக்கு ஐயாயிரம் மீட்டர் அளவில் ஓடும், நன்றாகச் சுட்ட கல்லில் அதில் பாதிகூட இருக்காது.

கல் தச்சர்கள் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பது இதற்காகத்தான். கொத்தனார் இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பதும் இதேதான். கணீரென்று ஒலித்தால் உள்ளே பிளவில்லை. 'டப்'பென்று அடங்கினால் எங்கோ விரிசல், அல்லது சரியாக வேகவில்லை. பரிசோதனைச் சாலையில் மீயொலிக் கருவி வைத்து அளப்பதை அவர்கள் காதாலேயே அளந்துவிடுகிறார்கள்.

சூடு கல்லைக் கெடுக்கும் என்று இங்கேயே முற்றுப்புள்ளி வைக்கலாம்தான். பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் போனால் அந்த முடிவு நிற்காது. எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்டால் கல்லின் கதையில் பாதிதான் கிடைக்கும். எவ்வளவு வேகமாகச் சூடானது, மேலே எவ்வளவு பாரம் இருந்தது, உள்ளே தண்ணீர் இருந்ததா, எப்படி ஆறியது என்பவையும் சேர்ந்துதான் கல்லின் தலையெழுத்தை எழுதுகின்றன.

சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கிலிருந்து வரும் மணல் மெரினா பக்கமே தங்கிவிட, வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. அதைத் தடுக்க ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக லாரி லாரியாகக் கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவுகளும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்குவியலில் கருநீலமாக, எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் சார்னோகைட். சென்னை வீடுகளின் ஜல்லியாகவும் வாசற்படியாகவும் போவது இதே கல்தான். இந்தப் பெயருக்கு ஒரு கல்லறைச் சம்பந்தம் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடையை விரித்த ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை நம் ஊர்க் கல். அதை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பெயரையே அந்தக் கல் வகைக்கு வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரமும்தான் அந்தக் கல்லின் தாய்வீடு. உலகத்தில் எங்கே சார்னோகைட் கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். பெயர் மட்டும் கல்கத்தாக்காரருக்குப் போய்விட்டது.

நம் கதைக்கு முக்கியம், இந்தக் கல் எங்கே வெந்தது என்பது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 முதல் 900 டிகிரிச் சூட்டில். கிரானைட்டைப் பொடியாக்கும் என்று மேலே சொன்ன அதே சூடு. அங்கே அது கல்லைக் கெடுக்கவில்லை, இன்னும் கெட்டியாக்கியது.

முதல் காரணம் பாரம். மேலே இருபது கிலோமீட்டர் பாறை உட்கார்ந்திருக்கும்போது விரிசல் வாய் திறக்கவே முடியாது. மணிகள் ஒன்றையொன்று தள்ளினால் உடைவதற்குப் பதிலாக மெல்ல உருமாறி வழிவிடுகின்றன. ஆழத்தில் 300 டிகிரி வாக்கில் குவார்ட்ஸ் குழைய ஆரம்பிக்கும், 450, 500-ல் ஃபெல்ட்ஸ்பாரும் இளகும். இது உருகுவது இல்லை, திடமாகவே இருந்துகொண்டு லட்சக்கணக்கான ஆண்டுகளில் நகர்வது. இரண்டாவது, நேரம். ஒரு டிகிரி ஏறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் கல்லின் உள்ளும் புறமும் ஒரே சூட்டில் இருக்கும், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சும்மா நிற்கும் சண்டையே வராது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: தண்ணீர். ஈரமுள்ள கிரானைட் 650, 700 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். தண்ணீர் இல்லையென்றால் 900-க்கு மேலும் தாங்கும். சார்னோகைட் காய்ந்த கல். அதற்குள் இருந்த ஈரம் வெளியேறிவிட்டது, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த மைக்கா போன்றவை ஈரமற்ற பைராக்சீன் என்ற கனிமமாக மாறிவிட்டன. அந்தப் பைராக்சீன் வகைதான் சார்னோகைட்டின் அடையாளம், அதைப் பார்த்துத்தான் புவியியலாளர்கள் இந்தக் கல்லை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறார்கள். இப்படிக் காய்ந்து, இறுகி, மணியோடு மணி பின்னிக்கொண்ட கல் என்பதால்தான் கிரஷர் முதலாளிகளுக்கு இதன் மேல் அவ்வளவு ஆசை.

அதே கல்லை மேலே எடுத்து வந்து, பாரம் எதுவுமில்லாமல், விறகு மூட்டி அரை மணி நேரத்தில் சூடாக்கினால் பட்டென்று சில்லு தெறிக்கும். பிறந்த இடத்தில் தாங்கிய சூட்டை இங்கே தாங்காது. மேல்தோல் சூடாகி விரியப் பார்க்கும், உள்ளே குளிர்ந்த கல் விடாது, தோல் அழுத்தத்தில் மாட்டிக்கொண்டு பெயர்ந்துவிடும். ஆறும்போது தலைகீழ். தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளே சூடான கல் விடாது, தோல் இழுபடும். இழுப்புக்குக் கல் ரொம்ப மோசம். அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு, சமயத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இழுப்பைத் தாங்கும். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் 'டமார்' என்று விடுவதன் காரணம் இதுதான்.

இந்தக் குணத்தைத் தென்னிந்தியக் கல் உடைப்பவர்கள் வெடிமருந்துக்கு முன்பே நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1895-ல் நேச்சர் இதழில் வார்த் என்பவர் அதைப் பற்றி எழுதினார். மொட்டைப் பாறையின் மேல் ஒரு குறுகலான வரிசையாக விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். தீக்குக் கீழே உள்ள கல் விரிந்து, பக்கவாட்டில் போக வழியின்றி மேல்நோக்கி எழும்பி, அடியில் உள்ள பாறையை விட்டுப் பிரியும். சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சத்தம் மாறினால் அந்த இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே எரிகிற விறகைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். இப்படியே தீயை நகர்த்தி நகர்த்தி, அரை அடி கனத்தில் பெரிய கூடம் அளவுக்கு ஒரே பலகையாகப் பாறையை உரித்திருக்கிறார்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் தீயைக் கொட்டினால் பலகை வராது, சில்லுதான் வரும்.

வெயிலும் ஒரு சூடுதானே, அது கல்லை என்ன செய்யும் என்று கேட்கலாம். நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெயில் 45 டிகிரி, 2003 மே 31 அன்று. அப்படி ஒரு நாளில் தடுப்புச் சுவரின் கருங்கல் காலை வைக்க முடியாதபடி சுடும், ஆனாலும் அது கல்லின் கணக்கில் குளிர்காலம்தான். 'பகலில் விரிந்து இரவில் சுருங்கிப் பாறை உடைகிறது' என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1936-ல் அமெரிக்காவின் டேவிட் கிரிக்ஸ் ஒரு கிரானைட் துண்டை எடுத்து 89,400 தடவை சூடாக்கிக் குளிரவைத்துப் பார்த்தார். தினம் ஒரு தடவை என்று கணக்கிட்டால் 244 வருட வெயில். கல்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகு குளிரவைக்கும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் தெளித்தார். பத்து நாளில் மெருகு மங்கி விரிசல் தெரிந்தது. கிரிக்ஸ் எடுத்தது சின்னத் துண்டு, மலைக்கு அது அப்படியே பொருந்தாது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் பாறை முகத்தை விட்டு லேசாகப் பிரிந்து நிற்கும் பெரிய பாளம் ஒன்று, வெயிலுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை வெளியே தள்ளி இரவில் திரும்ப உள்ளே போவதை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். இருந்தாலும் எங்கள் கடலோரக் கற்களைப் பொறுத்தவரை வெயில் தனியாக வில்லன் கிடையாது. தெறிக்கும் உப்புத் தண்ணீர் நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் காய்ந்து, உப்புப் படிகமாக வளர்ந்து கல்லை நெம்புகிறது. வெயில் அதற்குக் கூட்டாளி.

நிஜமான தீக்கு வருவோம். மணலி, மாதவரம் பக்கம் கிடங்குகளில் தீப்பிடித்தால் செய்தியில் பொருள் சேதம் மட்டும்தான் வரும். கட்டடம் நிற்கிறதே என்று பூசி வெள்ளையடித்து மறுபடி வாடகைக்கு விடுவார்கள். அந்தத் தூணுக்குள் என்ன நடந்திருக்கும் என்பது கல்லின் கதையேதான். கான்கிரீட் என்பது ஜல்லியும் மணலும் சிமென்ட் பசையும். சூடேறும்போது ஜல்லி விரியும், பசையோ ஈரம் இழந்து சுருங்கும். இரண்டும் பிடிப்பை விடும். 400, 500 டிகிரிக்குள் பசையில் உள்ள சுண்ணாம்பு தன் நீரை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழி கிடைக்காவிட்டால் மேல்புறம் வெடித்துச் சிதறும், கம்பி வெளியே தெரியும். 600 டிகிரியில் கம்பியும் தன் வலுவில் பாதியை இழந்திருக்கும். 573 வந்ததும் மணலும் குவார்ட்ஸ் உள்ள ஜல்லியும் தங்கள் பங்கைச் செய்யும். தீ அணைந்த பிறகும் வேலை முடிவதில்லை. அணைக்க அடித்த தண்ணீரையும் காற்றின் ஈரத்தையும் அந்தச் சுட்ட சுண்ணாம்பு குடித்துப் பருத்து, சில நாள் கழித்துப் புது விரிசல் விடும். 2017 மே 31 அன்று தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்து ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. உள்ளே தளங்கள் சரிந்தன, மிச்சத்தை இடித்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் வெந்த கான்கிரீட்டைத் திரும்ப நம்ப முடியாது.

எரிந்த கட்டடத்தைச் சோதிக்கும் பொறியாளர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். ஜல்லியிலும் மணலிலும் உள்ள இரும்பு 300 டிகிரி வாக்கில் சிவக்க ஆரம்பிக்கும், கான்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரியும். 600-க்கு மேல் சாம்பல் நிறம், 900-ஐ நெருங்கினால் வெளிர் மஞ்சள். எல்லா ஜல்லியிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது, அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் துளையிட்டு எடுத்தும் சோதிக்க வேண்டும். தூணைச் சுரண்டி உள்ளே எத்தனை அங்குலம் வரை சிவந்திருக்கிறது என்று பார்த்தால் சூடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஓரளவு பிடிபடும். பூசி மறைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம் இது. தீப்பிடித்த கிடங்கின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

விரிசல் விடாத கல்லும் உண்டு. கல்சட்டி இப்போது மறுபடி ஃபேஷனாகிவிட்டது. அது மாக்கல், முக்கியமாக டால்க் என்ற கனிமம். நகத்தால் கீறலாம், அவ்வளவு மென்மை. அடுப்பில் வைக்கிற கல் மென்மையாக இருப்பதுதான் வசதி. குவார்ட்ஸ் இல்லை, மணிகள் தகடு தகடாக வழுக்கி ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். ஆனாலும் புதுச் சட்டியை எடுத்த எடுப்பில் பெரிய தீயில் வைத்தால் பிளந்துவிடும். அதற்குத்தான் பழக்குவது: எண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, வடித்த கஞ்சியை நாள் கணக்கில் ஊற்றி ஊற்றி, அப்புறம் சிறு தீயில் ஏற்றிப் பார்ப்பது. நுண்துளைகள் அடைபடுகின்றன, உள்ளே தேங்கிய ஈரம் சாவகாசமாக வெளியேறுகிறது. பழக்கிய சட்டியையும் சுடச்சுடத் தொட்டியில் போட்டால் போச்சு.

இதுவரை பார்த்ததெல்லாம் கல் கல்லாகவே இருந்துகொண்டு அடி வாங்குவது. சூடு சில கற்களை வேறு பொருளாகவே ஆக்கிவிடும். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தக் கரையின் பழைய தொழில். கிளிஞ்சலும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ வைத்தால் 800, 900 டிகிரியில் கிளிஞ்சல் தன் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். நூறு கிலோ சுத்தமான கிளிஞ்சலில் 44 கிலோ காற்றோடு போய்விடும். வேடிக்கை என்னவென்றால் உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கையில் எடுத்தால்தான் இலேசாக இருப்பது தெரியும். உள்ளே முழுக்கத் துளை. தண்ணீர் தெளித்தால் சீறிக் கொதித்து மாவாக உதிரும், பூசினால் காற்றிலிருந்து அந்த வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மறுபடி கல்லாகும். வெல்லம், தயிர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துத் தேய்த்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு சலவைக்கல்லோடு போட்டி போட்டது இதனால்தான். இங்கேயும் சூடு கூடினால் நல்லது என்று இல்லை. தீ அதிகமாகி 1100-ஐத் தாண்டினால் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். அந்தச் சுண்ணாம்பு தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, சுவரில் ஏறி மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் ஈரம் குடித்துப் பருத்துப் பூச்சில் பொரி பொரியாகக் குழி விழ வைக்கும்.

களிமண்ணும் இப்படித்தான், ஆனால் திரும்பி வராத வழி. செங்குன்றம், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளில் 500, 600 டிகிரி வரும்போது களிமண் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டிருந்த நீர் வெளியேறிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது சேறாகாது. 900, 1000 டிகிரியில் மணிகளின் ஓரம் கொஞ்சமாக உருகி ஒட்டிக்கொள்ளும். இரும்பு சிவக்கும். சூளையின் ஓரத்தில் வேகாத கல், நடுவில் அளவுக்கு மிஞ்சி வெந்து கருத்து ஒன்றோடொன்று ஒட்டிய கல் என்று ஒரே சூளையில் எல்லாம் கிடைக்கும்.

அதே களிமண்ணைச் சூளைக்குப் பதிலாக மின் நிலையக் கொதிகலனுக்குள் ஊதினால் என்ன ஆகும்? வடசென்னையில் அதுதான் இரவும் பகலும் நடக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எரிவது ஒடிசாவின் தால்ச்சேர் போன்ற இடங்களிலிருந்து வரும் நிலக்கரி. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சதுப்புக் காடு. அந்தச் சதுப்பில் ஆறு கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் மணலும் நிலக்கரியோடு கலந்தே கிடக்கின்றன. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் மேல், எரியாத மண். கப்பல் கப்பலாக எண்ணூர் துறைமுகத்தில் இறங்குவதில் கணிசமான பகுதி பாறைதான் என்று சொன்னால் தப்பில்லை.

நிலக்கரியை முகப்பவுடர் போல அரைத்து உலைக்குள் ஊதுவார்கள். உள்ளே 1300, 1500 டிகிரி. ஒவ்வொரு துகளும் அங்கே இருப்பது சில வினாடிதான். கரி எரிந்துபோக, களிமண் நீரிழந்து, தன்னிடமுள்ள இரும்பு, பொட்டாசியத்தின் உதவியால் உருகித் துளியாகிறது. துளி காற்றில் மிதப்பதால் உருண்டையாகிறது. புகைபோக்கியை நோக்கிப் போகும் வழியில் கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடுகிறது. உருகிய பொருள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் வேண்டும். அது கிடைக்காததால் துகளில் பெரும்பகுதி கண்ணாடியாகவே உறைகிறது. கொஞ்சம் முல்லைட் படிகம் உண்டாகும், உருகாத குவார்ட்ஸும் மிச்சம் இருக்கும். ஒரே சர்க்கரைப் பாகை நாள் கணக்கில் ஆடாமல் வைத்தால் கற்கண்டு, சுழலும் தட்டிலிருந்து தெறித்து நொடியில் ஆறினால் பஞ்சு மிட்டாய். கற்கண்டு வாயில் மெல்லத்தான் கரையும், பஞ்சு மிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். சாம்பலுக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசம் இதேதான். அடுக்கில்லாத கண்ணாடி சுலபமாக மற்றதோடு வினைபுரியும்.

நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்தக் குணமே காரணம். ஆற்றங்கரைக் களிமண்ணைச் சிமென்ட்டில் கலந்தால் சிமென்ட் கெடும். அதே களிமண் கொதிகலனுக்குள் போய்ச் சாம்பலாகி வந்தால், சிமென்ட் விடும் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிந்து புதுப் பசையாகிறது. கடையில் பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட்) என்று வாங்கும் சிமென்ட்டில் கலந்திருப்பது பெரும்பாலும் இதுதான். மறுபக்கம், நிலக்கரியில் இருந்த ஆர்சனிக், செலினியம், ஈயம் போன்றவை உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது துகள்களின் மேற்பரப்பில் வந்து படிகின்றன. துகள் சிறியதாக ஆக ஆக எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் மிக நுண்ணிய துகளில்தான் அவை அதிகம். நிலக்கரிக்குள் இறுகிக் கிடந்தவற்றைச் சூடு இப்படித் தோலுக்கு இழுத்துவந்து, தண்ணீர் பட்டால் கசியும் இடத்தில் வைத்துவிடுகிறது. நுரையீரலுக்குள் போகும் அளவும் அந்த நுண்துகளுக்குத்தான் உண்டு.

செப்பாக்கத்தில் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இந்த வேதியியல் பாடம் தேவையில்லை, காற்றடித்தால் வீட்டுக்குள்ளேயே வரும். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும்போது குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது பல வருடப் புகார், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். குளத்தில் மேலே நுரை போல் மிதப்பது நுரை இல்லை. உருகிய துளிக்குள் வாயு ஊதி, நடுவில் அந்த வாயுவோடே உறைந்த கண்ணாடிக் குமிழ்கள்.

சாம்பலை எல்லாம் செங்கல்லாக்கிவிடலாமே என்பது அடிக்கடி வரும் யோசனை. ஆக்கலாம், ஆக்குகிறார்கள். ஃபிளை ஆஷ் கல்லைச் சூளையில் வைப்பதில்லை. சாம்பலோடு சுண்ணாம்போ சிமென்ட்டோ கலந்து அழுத்தி, தண்ணீர் தெளித்து நாள் கணக்கில் ஆறவிடுகிறார்கள், தீயின் வேலை கொதிகலனிலேயே முடிந்துவிட்டதால். ஆனால் இதற்குச் சரியான சரக்கு, புகைவழியில் மின்னூட்டம் கொடுத்துப் பிடிக்கும் உலர்ந்த நுண்சாம்பல். கொதிகலனின் அடியில் விழும் அடிச்சாம்பலோடு கலந்து குளத்துக்குப் போன சாம்பலில் துகள் பெரிது, நனைந்து கிடந்ததால் வினைத்திறனும் குறைவு. ஆற்றுச் சேற்றோடும் உப்புத் தண்ணீரோடும் கலந்துவிட்டதை எடுத்தால் அதில் கம்பி போட்டுக் கட்டவும் யோசிக்க வேண்டும், உப்பு கம்பியை அரிக்கும். உலர்ந்த சாம்பலை வாங்கிப்போக லாரிகள் வரிசையில் நிற்கும். ஆற்றில் படிந்ததற்கு வாடிக்கையாளர் கிடையாது, தூர்வாரி எடுத்து எங்கே கொட்டுவது என்பதில்தான் இழுபறி.